விலை இறங்கியது, கடன் இறங்கவில்லை

இந்த முறை நான் எழுதப்போவது பாம்பைப் பற்றி. பயப்பட வேண்டாம், விஷமில்லாத பாம்புதான். ஆனால் அந்தப் பாம்பு என்னை ஒரு வருஷமாகத் தூங்கவிடாத ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டது. நீங்களும் கொஞ்சம் சேர்ந்து யோசிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

2024 ஆகஸ்ட்டில், செமஸ்டர் விடுமுறைக்குக் கிள்ளானுக்கு வந்திருந்தேன். காப்பாரில் இருக்கும் பெரியம்மா மகன், நான் 'குட்டியண்ணன்' என்று கூப்பிடும் அண்ணன், போன் போட்டார்.

"தம்பி, நீ இஞ்சினியரிங் படிக்கிறவன். வந்து ஒரு எக்ஸல் போட்டுக் குடு. குட்டிங்கள்ல எதை வச்சிக்கிறது, எதை முடிக்கிறதுன்னு கணக்குப் பார்த்துடலாம்."

"முடிக்கிறதுன்னா என்னண்ணா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "ஃப்ரீசர்ல வச்சா தூங்குற மாதிரியே போயிடும்னு சொல்றாங்கடா" என்றார்.

கதையை முதலில் இருந்து சொன்னால்தான் புரியும்.

பால் குடிக்காத பால் பைத்தான்

குட்டியண்ணன் வளர்த்தது பால் பைத்தான். அம்மாவிடம் பெயரைச் சொன்னபோது, "பால் குடிக்குற பாம்பா?" என்று கேட்டார். பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்ளும், அதனால்தான் ஆங்கிலத்தில் அந்தப் பெயர் என்று விளக்கினேன். புற்றுக்குப் பால் ஊற்றுகிறோமே தவிர, எந்தப் பாம்புக்கும் பால் உணவு கிடையாது என்றும் சொன்னேன். அதை அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இதன் சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்காவும் மத்திய ஆப்பிரிக்காவும். நம் ஊர் மலைப்பாம்பு மாதிரி பெரிதாகாது. நான்கைந்து அடியோடு நின்றுவிடும். கடிக்க வருவதைவிட சுருண்டுகொள்வதே அதன் வழக்கம். அதனால் உலகம் முழுக்க வீடுகளில் வளர்க்கிறார்கள். சிங்கப்பூரில் பாம்பு வளர்ப்பதே சட்டப்படி குற்றம். இங்கே பெர்ஹிலித்தானில் உரிமம் எடுக்க வேண்டும். அண்ணன் முறையாக உரிமம் எடுத்துத்தான் தொடங்கினார்.

இயற்கையில் இந்தப் பாம்பு பழுப்பும் கறுப்புமாக இருக்கும். எப்போதாவது மரபணு மாற்றத்தால் வேறு நிறத்தில் ஒன்று பிறக்கும். 1992-இல் அமெரிக்காவில் முதன்முதலாக அல்பினோ வகையைக் கூண்டில் இனப்பெருக்கம் செய்து காட்டினார்கள். 1997-இல் வெள்ளைத் திட்டுகள் விழுந்த 'பைபால்ட்' வகை வந்தது. 1999-இல் சிலந்தி வலை போன்ற கோடுகளுள்ள 'ஸ்பைடர்' வந்தது. அன்று இவை ஒவ்வொன்றும் பல ஆயிரம் டாலருக்கு விற்றன. பாம்பு விற்று வீட்டுக் கடனை அடைத்த கதைகள் அந்த வட்டாரத்தில் சாதாரணம். இன்று அதே அல்பினோவும் பைபால்டும் சில நூறு டாலருக்கே கிடைக்கின்றன.

குட்டியண்ணன் 2021-இல் இதற்குள் வந்தார். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் அவருடைய ஹோட்டல் வேலை போயிருந்தது. இரண்டு பிள்ளைகள், கார் தவணை, வீட்டு வாடகை. அண்ணி தாலிக்கொடியைத் தவிர மற்ற நகைகளை அடகுக் கடையில் வைத்துப் பணம் கொடுத்தார். ஒரு பைபால்ட் ஆண் 3,500 வெள்ளி. பைபால்ட் மரபணுவை உள்ளே வைத்திருக்கும், ஆனால் பார்க்கச் சாதாரணமாக இருக்கும் பெண் பாம்புகள் இரண்டு, ஒன்று 1,200 வெள்ளி. இந்த மாதிரி பாம்பை 'ஹெட்' என்பார்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. எஸ்.பி.எம். முடித்து மினி மார்க்கெட்டில் வேலை பார்த்துச் சேர்த்த 1,800 வெள்ளியை 2022-இல் ரேக்குக்கும் இன்குபேட்டருக்கும் கொடுத்தேன். கணக்கும் நான்தான் போட்டேன். பைபால்டையும் ஹெட்டையும் சேர்த்தால் குட்டிகளில் பாதி பைபால்ட், பாதி ஹெட். பத்துக் குட்டி வந்தால் ஐந்து பைபால்ட், தலைக்கு 3,000. ஐந்து ஹெட், தலைக்கு 1,000. மொத்தம் 20,000 வெள்ளி. ஃபார்முலா சரி, கூட்டல் சரி. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

2024-இல் பதினோரு முட்டை. இன்குபேட்டரில் 31, 32 டிகிரியில் இரண்டு மாதம் காத்திருந்து, பத்துக் குட்டிகள் வெளியே வந்தன. நான்கு பைபால்ட், ஆறு ஹெட். பைபால்ட் நான்கும் தலைக்கு 800 வெள்ளிக்குத்தான் போயின. ஹெட் இரண்டை 120 வெள்ளிக்கு ஒருவர் வாங்கிக்கொண்டார். 20,000 எதிர்பார்த்த இடத்தில் 3,440. மீதி நான்கு ஹெட் குட்டிகளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சும்மா கொடுத்தாலும், "பைபால்டே மலிவா கிடைக்குது, எனக்கெதுக்கு ஹெட்டு?" என்றார்கள்.

அந்த நான்கைத்தான் 'முடிக்க' வேண்டும் என்று அண்ணன் சொன்னார்.

ஏன் விலை விழுந்தது?

காப்பாருக்குப் பஸ்ஸில் போகும்போது இந்தக் கேள்வியைத்தான் யோசித்தேன். இஞ்சினியரிங் மாணவன் வேறு என்ன செய்வான்?

ஒரு பெண் பாம்பு வருஷம் ஆறு முட்டை இடுகிறது, அதில் மூன்று பெண், மூன்று வருஷத்தில் அவையும் முட்டையிடத் தயார், எதுவும் சாகவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் தொடங்கினால் மூன்றாம் வருஷம் 4 தாய்ப் பாம்புகள். ஆறாம் வருஷம் 22. பத்தாம் வருஷம் 268. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் 1,608 முட்டைகள். நிஜத்தில் பல பாம்புகள் எல்லா வருஷமும் முட்டையிடாது, சில செத்தும் போகும். இது வெறும் ஏட்டுக் கணக்குதான். ஆனாலும் போக்கு புரிகிறது அல்லவா? வாங்குகிற மனிதர்களின் எண்ணிக்கை இந்த வேகத்தில் வளருமா?

இன்னொன்றும் உண்டு. மோட்டார் சைக்கிளை வாங்கினால் அது இன்னொரு மோட்டார் சைக்கிளைப் பெற்றுப் போடாது. பாம்பு போடும். ஆக, பல ஆயிரம் கொடுத்து வாங்கியவர்கள் பாம்புக்காக மட்டும் அந்தப் பணத்தைக் கொடுக்கவில்லை. அதேபோல் இன்னும் பலவற்றை உருவாக்கி விற்கும் வாய்ப்பையும் சேர்த்து வாங்கினார்கள். அந்த வாய்ப்பை வாங்கிய ஒவ்வொருவரும் அடுத்த வருஷம் எதிர்க் கடைக்காரர் ஆகிவிடுகிறார். விலை விழுவது விபத்து இல்லை. முதல் நாள் விலைக்குள்ளேயே அந்த வீழ்ச்சியும் ஒளிந்திருந்தது.

எங்கள் கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் வகுப்பில் 'தாமதம்' பற்றி ஒரு பாடம் உண்டு. ஹாஸ்டல் குளியலறையில் சுடுதண்ணிக் குழாயைத் திருப்புகிறீர்கள். தண்ணீர் சில்லென்றே வருகிறது. இன்னும் திருப்புகிறீர்கள், இன்னும் கொஞ்சம். திடீரென்று முதுகு வெந்துபோகிறது. செய்த செயலுக்கும் வந்த பலனுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் காரணம். பாம்புச் சந்தையில் அந்த இடைவெளி மூன்று வருஷம். இன்றைய விலையைப் பார்த்துப் பெண் குட்டியை வாங்குகிறோம். அது முட்டையிடும்போது, நம்மைப் போலவே கணக்குப் போட்ட அத்தனை பேருடைய முட்டைகளும் ஒரே நேரத்தில் பொரிகின்றன.

இதைப் பாம்போடு மட்டும் முடிச்சுப் போட வேண்டாம். இருபது வருஷத்துக்கு முன்னால் நம் நாட்டில் 'லோ ஹான்' மீன் பைத்தியம் பிடித்து ஆட்டியதை அப்பா அம்மாவைக் கேளுங்கள். தலையில் புடைப்பும், உடம்பில் எழுத்து மாதிரி கறுப்புப் புள்ளிகளும் இருந்தால் ஆயிரக்கணக்கில் விலை. விலை விழுந்ததும் மீன்கள் ஆற்றுக்கும் ஈயக் குட்டைக்கும் போயின. நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் கெலாடிச் செடிக்கும் அதே கதைதான். ஆனால் கெலாடி வாடினால் உரக்குழியில் போட்டுவிடலாம். வலி தெரிந்த உயிரை என்ன செய்வது?

விலை விழுவது நல்லதுதானே?

எனக்குள்ளேயே ஒரு குரல் எதிர்வாதம் செய்தது. அதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். விலை விழுந்தால் பேராசைக்காரர்கள் ஓடிப்போவார்கள். பாம்பை உண்மையாக நேசிக்கும் சாதாரண மாணவனுக்கும் வாங்க முடியும். கூண்டில் பிறந்தது மலிவாகக் கிடைத்தால் காட்டில் பிடித்ததை யார் வாங்குவார்கள்?

இதில் உண்மை இருக்கிறது. ஆனால் அரை உண்மை. டோகோ, பெனின், கானா நாடுகளிலிருந்து பால் பைத்தான் ஏற்றுமதி பல பத்தாண்டுகளாக நடக்கிறது. சினைப் பாம்புகளைக் காட்டில் பிடித்து வந்து, முட்டையிட வைத்து, குட்டிகளை ஏற்றுமதி செய்யும் முறையும் அங்கே உண்டு. விலை குறைந்த பிறகும் அது நின்றுவிடவில்லை.

மலிவு இன்னொரு வேலையும் செய்கிறது. 3,500 வெள்ளிக்கு வாங்கிய பாம்புக்குச் சளி பிடித்தால் அண்ணன் கோலாலம்பூருக்கு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். 120 வெள்ளிப் பாம்புக்குச் சளி பிடித்தால்? டாக்டர் பீஸே அதைவிட அதிகம். "இன்னொண்ணு வாங்கிக்கலாம்" என்றுதான் தோன்றும். இரண்டு பாம்புக்கும் மூச்சுத் திணறல் ஒன்றுதான். நம் கண்ணில்தான் ஒன்று நோயாளி, இன்னொன்று நஷ்டம்.

விலை ஏறும்போதும் உயிருக்கு நன்மை இல்லை என்பதற்கு 'ஸ்பைடர்' வகையே சாட்சி. அழகான கோடுகளைத் தரும் அதே மரபணு, தலையை ஆட்டாமல் வைத்திருக்க முடியாத குறையையும் தருகிறது. சில பாம்புகள் தலைகீழாகத் திருகிக்கொள்ளும், இரையைக் குறிபார்த்துப் பிடிக்கத் தடுமாறும். உள்காதில் சமநிலையைக் காக்கும் உறுப்புகள் உருக்குலைந்திருப்பதை 2022-இல் ஓர் ஆய்வு ஸ்கேன் எடுத்துக் காட்டியது. ஆனால் அந்தத் தள்ளாட்டம் அதற்குப் பல வருஷம் முன்பே வளர்ப்பவர்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் பெருக்கினார்கள். ஏனென்றால் விலை போனது.

விலை ஏறினால் குறையோடு பிறக்க வைக்கிறோம். விலை இறங்கினால் குறையில்லாமல் பிறந்ததையும் முடிக்கப் பார்க்கிறோம். இரண்டு பக்கமும் பாம்பு என்ன ஆகிறது என்று யாரும் கேட்கவில்லை.

"நீ கோழி சாப்பிடுறதில்லையா?"

காப்பார் வீட்டுக்குப் போனேன். அறையில் ரேக். அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் டப்பாக்கள். ஒரு குட்டியை அண்ணன் என் கையில் வைத்தார். பேனாவைவிடச் சற்றுத் தடிமன். எழுபது கிராம்கூட இருக்காது. விரலைச் சுற்றிக்கொண்டு, நாக்கை நீட்டி நீட்டி என்னை மோப்பம் பிடித்தது.

"வேணாம்ணா. ஃப்ரீசர் வேணாம்" என்றேன். அது தூங்குகிற மாதிரி போகும் சாவு இல்லை என்பதையும், கால்நடை மருத்துவ வழிகாட்டிகள் ஏற்கும் முறை இல்லை என்பதையும் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

"அப்ப செம்பனைத் தோட்டத்துல விட்டுடவா?"

அதுவும் முடியாது. இது ஆப்பிரிக்கப் பாம்பு. இங்கே விட்டால் செத்துப்போகும், இல்லையென்றால் நம் காட்டுப் பாம்புகளுக்கு நோயைக் கொண்டுபோகும். வளர்ப்புப் பாம்புகளிடமிருந்து என்ன நடக்கும் என்பதை புளோரிடாவில் உலகமே பார்த்தது. நம் தென்கிழக்காசியாவிலிருந்து போன பர்மிய மலைப்பாம்புகள் அங்கே சதுப்பு நிலத்தில் பெருகிவிட்டதை 2000-ஆம் ஆண்டில் உறுதிசெய்தார்கள். ராக்கூன் போன்ற விலங்குகள் பெரிய அளவில் காணாமல் போயின. 2012-இல் அமெரிக்கா அந்தப் பாம்பின் இறக்குமதியையே தடைசெய்தது.

அண்ணனுக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்.

"எல்லாத்துக்கும் வேணாம் வேணாம்னா எப்படிடா? இது தின்னுறது எலி. நான்தான் வாரா வாரம் எலிய கொண்டாந்து போடுறேன். அந்த எலிக்கு உசுரு இல்லையா? நீ நேத்து சாப்பிட்ட கோழிக்கு இல்லையா? இந்த நாலு குட்டிக்கு மட்டும் ஏன் உருகுற? நீ படிக்கிற பையன். என் நகை அடகுல இருக்கு."

எனக்குப் பதில் வரவில்லை. இன்றுவரைக்கும் முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் அந்தக் கேள்விதான் என்னைச் சரியான இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது.

கணக்குப் பாருங்கள். வளர்ந்த பாம்புக்கு வருஷத்துக்கு 30 எலி என்று வைத்தாலும் 25 வருஷத்தில் 750 எலிகள். பால் பைத்தான் 20, 30 வருஷம் சாதாரணமாக வாழும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலைக்கு 1961-இல் வந்த ஒரு பெண் பாம்பு, அறுபது வயதைத் தாண்டி 2020-இல் ஏழு முட்டை இட்டது. அதுவும் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆண் பாம்பின் பக்கமே போகாமல்!

ஆக, இன்குபேட்டரில் நாங்கள் வைத்த ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு பாம்பும், அதோடு சில நூறு எலிகளின் சாவும் இருந்தன. என் 20,000 வெள்ளிக் கணக்கில் அந்த எலிகளுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. பாம்பு எலியைத் தின்பது அதன் இயல்பு, அதில் பாவம் ஏதும் இல்லை. ஆனால் அந்தப் பாம்பைப் பிறக்க வைத்தது இயற்கை இல்லை, நாங்கள். பணத்துக்காக.

அதனால் எலிக் கேள்விக்கு என்னால் சொல்ல முடிந்த பதில் இதுதான்: எலிகளை நினைத்தால், பிறந்த நான்கைக் கொல்லு என்பதைவிட, நாற்பதைப் பிறக்க வைக்காதே என்பதுதான் முதலில் வருகிறது. பாம்புகளை நினைத்தாலும் அதேதான் வருகிறது. தவறு ஃப்ரீசர் கதவைத் திறக்கும்போது தொடங்கவில்லை. இன்குபேட்டரை நான் வாங்கிக் கொடுத்தபோதே தொடங்கிவிட்டது.

கடன் என்ற சொல்

தமிழில் 'கடன்' என்றால் வாங்கிய பணம். 'கடன்' என்றால் செய்ய வேண்டிய கடமையும்தான். பி.டி.பி.டி.என். கடனில் படிக்கும் எனக்கு முதல் அர்த்தம் நன்றாகத் தெரியும். பொருளாதாரம் எப்படிப் போனாலும், எனக்கு வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், வாங்கிய கடன் குறையாது. படிப்புக்கு மவுசு குறைந்துவிட்டது என்று சொல்லி யாரும் தள்ளுபடி தர மாட்டார்கள்.

இரண்டாவது அர்த்தத்துக்கும் அது பொருந்தும் என்று தோன்றியது. ஓர் உயிரை நான் தேடிப் போகவில்லை, அது தானாக வந்தது என்றால் விஷயம் வேறு. தோட்டத்தில் ஒரு பாம்பைப் பார்த்தால், அதை அதன் வழியில் விடுவதோடு என் கடமை முடிந்தது. வீட்டுக்குள் வந்துவிட்டால் பொம்பாவைக் கூப்பிடலாம். ஆனால் ஆண் பாம்பையும் பெண் பாம்பையும் ஒரே டப்பாவில் வைத்து, நாள் எண்ணி, வெப்பம் அளந்து, 'வா' என்று கூப்பிட்டு வரவழைத்த உயிரிடம் அப்படிச் சொல்ல முடியுமா? அதற்குப் பசிக்கும் என்று தெரியும், முப்பது வருஷம் வாழும் என்று தெரியும். தெரிந்தே கூப்பிட்டோம். அந்த அழைப்புதான் கடன். சந்தை விலை அந்தக் கடனை ஏற்றவும் இல்லை, அதனால் இறக்கவும் முடியாது.

விலை 1,000-இலிருந்து 120-க்கு வந்தபோது பாம்புக்கு என்ன மாறியது? அதே எழுபது கிராம், அதே பசி. மாறியது எங்கள் ஆசை மட்டும்தான். ஆசை ஏமாந்த கோபத்தைப் பாம்பு மேல் காட்டப் பார்த்தோம்.

வாங்குகிறவர்களும் தப்பிக்க முடியாது. வாங்குபவன் இல்லாவிட்டால் விற்பவனும் இருக்க மாட்டான் என்ற வாதத்தை வள்ளுவர் புலால் மறுத்தல் அதிகாரத்தில் வைத்திருக்கிறார். பணம் கொடுப்பவன் கை சுத்தம் என்று சொல்ல முடியாது என்பதே அதன் சாரம். மலிவு விலையில் வேடிக்கைக்காக வாங்கி, ஆறு மாதத்தில் 'யாருக்காவது வேணுமா?' என்று கேட்கிற நமக்கும் அது பொருந்தும்.

கல்லில் கும்பிடுவதும் டப்பாவில் வைப்பதும்

நாம் நாகத்தைக் கும்பிடுகிறவர்கள். ஆடி வெள்ளியில் அம்மா புற்றுக்கு மஞ்சள் தடவி, முட்டை வைத்து, கண்மூடி நிற்பார். அதே அம்மா, சமையலறையில் ஒரு குட்டிப் பாம்பு வந்தபோது அப்பாவிடம் சங்குலை எடுத்துக் கொடுத்தார். நான் குறை சொல்லவில்லை. பயம் மனித இயல்பு. பாம்பென்றால் படையே நடுங்கும் என்கிறார்களே.

இதைப் படிக்கும்போது ஒரு விஷயம் தெரிந்து ஆச்சரியப்பட்டேன். பெனின் நாட்டில் ஊய்டா என்ற ஊரில் பாம்புக் கோவில் ஒன்று இருக்கிறது. அங்கே புனிதமாகப் போற்றப்படுவது இதே பால் பைத்தான்தான். ஊருக்குள் வந்துவிட்டால் அதை யாரும் அடிப்பதில்லை, மரியாதையோடு தூக்கிப்போய்க் கோவிலில் விடுகிறார்கள். அதே நாடுதான் இந்தப் பாம்பை ஏற்றுமதியும் செய்கிறது. அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு கையில் கற்பூரம், ஒரு கையில் கால்குலேட்டர். நானும் அப்படித்தானே இருந்தேன்.

வணங்குவது என்பதற்கு நான் இப்போது எடுத்துக்கொள்ளும் அர்த்தம் சின்னது. ஒன்றை எனக்கு என்ன தரும் என்று மட்டும் பார்க்காமல் இருப்பது. கல் நாகத்துக்கு விலை கேட்க யாருக்கும் தோன்றாது. உயிருள்ள நாகத்திடம் அந்தப் பார்வையில் கொஞ்சமாவது மீதி இருக்க வேண்டாமா?

கடைசியில் என்ன நடந்தது?

எக்ஸல் போட்டுக் கொடுத்தேன். ஆனால் அண்ணன் கேட்ட மாதிரி இல்லை. 'விலை' என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, 'யார் வளர்ப்பது, எத்தனை வருஷத்துக்கு' என்று இரண்டு கட்டங்கள் போட்டேன். முதலில் எல்லாம் காலியாக இருந்தன. அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "முன்னாடியே இத போட்டிருந்தா, முட்டையே வந்திருக்காதுடா" என்றார்.

ஈப்போவில் உரிமத்தோடு பாம்பு வளர்க்கும் ஓர் ஆசிரியரைக் கண்டுபிடித்தோம். அவர் பெண் பார்க்க வந்தவர்களைவிட அதிகக் கேள்வி கேட்டார். என்ன தின்னும், எப்போது தோல் உரித்தது, தாய்க்கு நோய் இருந்ததா, நீங்கள் இனிமேலும் பொரிக்க வைப்பீர்களா? கடைசிக் கேள்விக்கு அண்ணன் "இல்லை சார்" என்று சொன்ன பிறகுதான் இரண்டு குட்டிகளை எடுத்துக்கொண்டார், காசில்லாமல். ஒன்றை அண்ணன் வைத்துக்கொண்டார். நான்காவதற்கு நான் உரிமம் எடுத்தேன்.

அந்தக் கூட்டுத்தொழிலில் என் 1,800 வெள்ளி போய்விட்டது. அண்ணனுக்கு இழப்பு அதைவிடப் பெரிது. இப்போது அவர் லோரி ஓட்டுகிறார், நகையில் பாதியை மீட்டுவிட்டார். ஆண் பாம்பையும் பெண் பாம்புகளையும் தனித்தனியாக வைத்திருக்கிறார். இந்த வருஷம் முட்டை இல்லை. அவரைக் கெட்டவராக நினைத்துவிடாதீர்கள். அந்தக் கணக்கை அவருக்கு எழுதிக் கொடுத்தது நான். அது தப்பாகப் போனபோது அடகில் இருந்தது அவர் வீட்டு நகை, என்னுடையது இல்லை.

இந்த அனுபவத்திலிருந்து எனக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறேன். ஓர் உயிரைப் பிறக்க வைக்கும் முன்பு கேட்க வேண்டும்: இது ஒரு வெள்ளிக்கும் விற்காவிட்டால், இதன் ஆயுள் முழுக்க நானே வைத்துக் காப்பாற்றுவேனா? எத்தனைக்கு 'ஆமாம்' சொல்ல முடியுமோ, அத்தனை முட்டைதான் இன்குபேட்டருக்குள் போகலாம். மற்றது போகக் கூடாது. வாங்கும்போதும் அதே கேள்விதான். நாய்க்குட்டி, பெர்ஷியன் பூனை, மீன், எதுவாக இருந்தாலும். இந்த விதியை எல்லாரும் கடைப்பிடித்தால் பாதிப் பேர் இந்தத் தொழிலை விட்டுவிடுவார்கள் என்று அண்ணன் சொன்னார். இருக்கலாம். அப்படியானால் அந்தப் பாதித் தொழில் யார் தலையில் ஓடிக்கொண்டிருந்தது என்பதும் தெரிந்துவிட்டது.

உங்களில் சிலர் வேறு மாதிரி நினைக்கலாம். குறிப்பாக எலிக் கேள்வியில் என்னைவிடத் தெளிவான பதில் யாரிடமாவது இருந்தால், அடுத்த கூட்டத்தில் தேநீர் நேரத்தில் பிடித்துச் சொல்லுங்கள். உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன்.

என் பாம்பு இப்போது கிள்ளான் வீட்டில் பின்னறையில் இருக்கிறது. "கோவில்ல கும்பிடுறேன், வீட்டுக்குள்ள வேணாம்" என்று ஒரு மாதம் சண்டை போட்ட அம்மாதான், நான் ஹாஸ்டலில் இருக்கும் நாட்களில் தண்ணீர் மாற்றுகிறார். டப்பாவைத் திறக்கும் முன்பு செருப்பைக் கழற்றி வைக்கிறாராம், தங்கை சொன்னாள். அந்தப் பாம்பு முப்பது வருஷம் இருந்தால் 2054 ஆகிவிடும். அப்போது எனக்கு 51 வயது. சந்தையில் அதற்கு இன்றைக்கே விலை இல்லை. சனிக்கிழமை ஊருக்குப் போனதும் அதற்கு எலி வைக்க வேண்டும்.